யாருக்குச் சிக்கனம்?

"நாட்டுக்குக் கஷ்ட காலம் வந்துவிட்டது. சர்க்கார் கஜானா வறண்டுவிட்டது. எல்லோரும் வயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் உருப்படுமா? சர்க்காரும் அப்படித்தான்!"

தொழில் மந்தம் தலைகாட்டும் போதெல்லாம், எந்த நாடானாலும் சரி, இந்த உபதேசம் தவறாமல் கேட்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஷிப்டு குறைந்த வாரத்தில் ஆலைத் தொழிலாளி வீட்டில் எண்ணெய்ச் செலவு குறைகிறது. மழை பொய்த்த வருஷத்தில் விவசாயத் தொழிலாளி வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரிவதில்லை. சிக்கனம் என்றால் என்ன என்று நமக்கு எந்த மந்திரியும் பாடம் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. "எல்லோரும்" என்கிறார்களே, அந்த எல்லோரிலும் யார் யார் அடக்கம்? கத்தி எங்கே விழுகிறது? ஆஸ்பத்திரியில் விழுகிறது. பள்ளிக்கூடத்தில் விழுகிறது. முதியோர் பென்ஷனிலும், வேலையிழந்தவனின் உதவித் தொகையிலும், கடைநிலை ஊழியரின் சம்பளத்திலும் விழுகிறது. சர்க்காருக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்குகிறவரின் வட்டியில் மட்டும் விழுவதில்லை. ஏன்?

இதற்கு விடை காண நாம் ஊகத்தில் இறங்க வேண்டாம். இந்தச் சிக்கன வைத்தியம் முழுமையாகச் செய்து பார்க்கப்பட்ட ஒரு நாடு இருக்கிறது. நோயாளியின் நாடியும், வைத்தியரின் கட்டணமும், கடைசியில் நடந்ததும் சரித்திரத்தில் பதிவாகியிருக்கின்றன. அந்த நாடு பிரிட்டன். அந்த ஆண்டு 1931.

நெருக்கடியை உண்டாக்கியது யார்?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தது. பிரிட்டனில் லங்காஷயர் பஞ்சாலைகள் மூடின; வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடின; கப்பல் கட்டும் துறைகளில் சுத்தியல் சத்தம் நின்றது. 1929-ல் சுமார் 12 லட்சமாக இருந்த வேலையற்றோர் தொகை, 1931 நடுவில் 27 லட்சத்தை எட்டியது. வேலையிழந்தவருக்கு இன்ஷுரன்ஸ் நிதியிலிருந்து வாராவாரம் ஒரு தொகை கிடைத்து வந்தது. வேலையற்றோர் பெருகியதும் அந்த நிதி கடனில் மூழ்கியது.

1931 மே மாதம் வியன்னாவில் ஒரு பெரிய பாங்கு முறிந்தது. ஜூலையில் ஜெர்மன் பாங்குகள் கதவடைத்தன. லாபத்துக்கு ஆசைப்பட்டு அங்கே பணத்தை முடக்கியிருந்த லண்டன் பாங்குக்காரர்கள் திகைத்து நின்றார்கள். லண்டனில் பணம் போட்டிருந்த வெளிநாட்டார் அதைத் தங்கமாக மாற்றி எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். பவுண்டு நாணயம் ஆட்டங்கண்டது.

வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் கடன் கொடுத்தது யார்? லங்காஷயர் நெசவுக்காரியா? வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியா? இல்லை. ஆனால் பில் அவர்கள் பேருக்குத்தான் வந்தது.

கமிட்டி வந்தது, கத்தி வந்தது

செலவைக் குறைக்க வழி சொல்லும்படி ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் ஸர் ஜார்ஜ் மே. பெரிய இன்ஷுரன்ஸ் கம்பெனி ஒன்றின் நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கத்தினர் ஏழு பேரில் தொழிலாளர் தரப்பினர் இருவர்தான். 1931 ஜூலை கடைசியில் அறிக்கை வெளிவந்தது. "12 கோடி பவுண்டு துண்டு விழப் போகிறது! சுமார் 9 கோடியே 70 லட்சம் பவுண்டு செலவை வெட்டு!" என்றது. இதில் 6 கோடியே 65 லட்சம் பவுண்டு வேலையற்றோர் உதவியிலிருந்து வர வேண்டுமாம். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வேலையில்லாதவன் தலையில்! தொழிலாளர் தரப்பினர் இருவரும் இதை ஏற்காமல் தனிக் குறிப்பு எழுதினார்கள். கேட்பார் இல்லை.

அப்போது பிரிட்டிஷ் சர்க்காரின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் கடன் பாக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரும்பகுதி 1914-18 யுத்தத்துக்கு வாங்கிய கடன். வாலிபர்கள் உயிரைக் கொடுத்தார்கள். பணக்காரர்கள் பணத்தை 5 சதவீத வட்டிக்குக் கொடுத்தார்கள். உயிரைக் கொடுத்துவிட்டு மிஞ்சி வந்தவனின் உதவித் தொகையை வெட்டச் சொன்ன கமிட்டி, வட்டி வாங்கியவனிடம் சும்மா இருந்துவிட்டது.

ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. பிரதம மந்திரி ராம்ஸே மக்டொனால்டு. பவுண்டைக் காப்பாற்ற நியூயார்க் பாங்குக்காரர்களிடம் புதுக் கடன் கேட்டார்கள். வேலையற்றோர் உதவியில் 10 சதவீதம் வெட்டினால்தான் சந்தைக்கு நம்பிக்கை வரும் என்ற நிலை உண்டாயிற்று. 1931 ஆகஸ்டு 23, ஞாயிற்றுக்கிழமை இரவு, மந்திரிசபை இரண்டாகப் பிளந்தது. ஆர்தர் ஹெண்டர்ஸன் உள்ளிட்ட ஏறத்தாழ பாதிப் பேர் இந்த வெட்டை ஏற்க மறுத்தார்கள். மறுநாள் மந்திரிசபை கவிழ்ந்தது. மக்டொனால்டு மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. கன்ஸர்வேடிவ்களையும் லிபரல்களையும் சேர்த்துக்கொண்டு, "தேசிய சர்க்கார்" என்று பெயர் சூட்டி, அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். அவர் வளர்ந்த கட்சியே அவரை வெளியேற்றியது.

செப்டம்பர் 10-ந் தேதி அவசர பட்ஜெட் வந்தது. வேலையற்ற ஆணுக்கு வாரத்துக்கு 17 ஷில்லிங் இருந்தது. 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆயிற்று. மனைவிக்கு 9 ஷில்லிங் இருந்தது, 8 ஆயிற்று. (அந்நாளில் 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்.) உபாத்தியாயர்கள், போலீஸ்காரர்கள், கடற்படையினர் எல்லோருக்கும் சம்பள வெட்டு. ராஜாவும் தம் பங்குக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்டு விட்டுக்கொடுத்தார். பத்திரிகைகள் அந்தத் தியாகத்தைப் புகழ்ந்து எழுதின. அரண்மனையில் அதனால் அடுப்பு அணையவில்லை.

ஆறு நாளில் வெளுத்த சாயம்

கடற்படையில் வெட்டு எப்படி விழுந்தது தெரியுமா? உயர் அதிகாரிகளுக்குக் குறைந்த விகிதம். சாதாரண மாலுமிகளில் பலருக்கு நாள் சம்பளம் 4 ஷில்லிங்கிலிருந்து 3 ஷில்லிங். அதாவது 25 சதவீதம்! ஸ்காத்லாந்தில் இன்வர்கார்டன் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களில் 1931 செப்டம்பர் 15-ந் தேதி மாலுமிகள் நங்கூரம் எடுக்க மறுத்தார்கள். ஒரு கப்பலில் எழுந்த கோஷத்துக்கு இன்னொரு கப்பலிலிருந்து பதில் கோஷம் வந்தது. உலகத்தின் பெரிய கடற்படை இரண்டு நாள் நகரவில்லை. சர்க்கார் பணிந்தது. 10 சதவீதத்துக்கு மேல் வெட்டில்லை என்று அறிவித்தது. கலகத்தில் முன்னின்ற பலரைப் பின்னால் வேலையைவிட்டு நீக்கினார்கள். ஆனால் வெட்டு வெட்டாகத் திரும்பி வரவில்லை.

இந்தச் செய்தி கேட்டுப் பணக்காரர்கள் இன்னும் வேகமாகப் பவுண்டை விற்றார்கள். செப்டம்பர் 21-ந் தேதி, "பவுண்டுக்கு இனித் தங்கம் கொடுக்க மாட்டோம்" என்று சர்க்கார் ஒரே நாளில் சட்டம் செய்தது.

தோழர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். பவுண்டைத் தங்கத்தோடு கட்டிவைக்கத்தான் உதவித் தொகையை வெட்ட வேண்டும் என்றார்கள். அதற்காகவே ஒரு மந்திரிசபையைக் கவிழ்த்தார்கள். கட்டு அவிழ்ந்தால் நாடே அழிந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். புது சர்க்கார் ஏறி ஒரு மாதம் நிறையுமுன் கட்டு அவிழ்ந்துவிட்டது. 4.86 டாலராக இருந்த பவுண்டு, டிசம்பருக்குள் 3.40-க்கும் கீழே இறங்கியது. வானம் இடிந்து விழுந்ததா? இல்லை.

சரி, எந்தக் காரணத்துக்காக வெட்டினார்களோ அந்தக் காரணமே போய்விட்டதே, உதவித் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்களா? அதுவும் இல்லை! 1934 ஜூலை வரை வெட்டு அப்படியே நின்றது. காரணம் போனாலும் வெட்டு போகவில்லை என்றால், சொன்ன காரணம் வேறு, உள்ளே இருந்த காரணம் வேறு என்றுதானே அர்த்தம்?

சமையலறை வரை வந்த சர்க்கார்

பணத்தை வெட்டியதோடு விடவில்லை. 1931 நவம்பரிலிருந்து, 26 வாரம் உதவி பெற்று முடித்தவர்களுக்கு "வசதிச் சோதனை" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கமிட்டியின் ஆள் வீட்டுக்குள் வருவான். எத்தனை நாற்காலி? சேமிப்பில் எவ்வளவு? மகன் சம்பாதிக்கிறானா? மகள் ஆலைக்குப் போகிறாளா? போகிறாள் என்றால் அவள் கூலியைக் கணக்கில் எடுத்து அப்பனுடைய உதவியைக் குறை! இருபது வருஷம் தறியில் நின்ற தகப்பன், மகள் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை. தகப்பனுக்குப் பணம் கிடைக்கட்டும் என்று மகன் வீட்டை விட்டு வெளியேறி வேறிடத்தில் தங்கிய குடும்பங்கள் பல. ஏறத்தாழ 10 லட்சம் பேர் இந்தச் சோதனைக்கு ஆளானார்கள்.

மணமான பெண்களுக்கு இன்னொரு சட்டம். ஆலையில் வேலை செய்து, வாராவாரம் தன் கூலியிலிருந்து இன்ஷுரன்ஸ் கட்டிய பெண், கலியாணம் ஆனவள் என்ற காரணத்தாலேயே உதவி பெற முடியாதபடி விதிகள் செய்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. இந்தச் சட்டத்தை நிறைவேற்றியது, கவிழ்வதற்கு முந்திய மாதத்தில் தொழிற்கட்சி சர்க்காரேதான் என்பதையும் மறைக்கக் கூடாது.

வெட்டினால் வேலை வருமா?

இவ்வளவும் செய்து நாடு சுபிட்சம் அடைந்ததா? 1933 ஜனவரியில் வேலையற்றோர் தொகை ஏறத்தாழ 30 லட்சம்! கூடியதே தவிரக் குறையவில்லை.

இதில் ஆச்சரியம் இல்லை. நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். ஆலையில் சம்பளம் போடும் நாளில் கேட் வாசலில் சந்தை கூடுகிறது. கறிகாய்க்காரி, கருவாட்டுக் கூடைக்காரி, துணிக்கடைக்காரர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அன்றுதான் வியாபாரம். ஆலைத் தொழிலாளியின் செலவுதான் அவர்களின் வரவு. அவன் கூலியில் கால் பங்கை வெட்டினால் முதலில் துணிக்கடை படுக்கும். துணி விற்காவிட்டால் மறுபடி ஆலையில்தான் ஷிப்டு குறையும். சுற்றிச் சுற்றி அடி அதே முதுகில் விழும். வரும்படி குறைந்த ஜனங்களிடமிருந்து சர்க்காருக்கு வரும் வரியும் குறையும். துண்டை அடைக்கப் போய், துண்டு இன்னும் அகலமாகும்.

குடும்பம் வேறு, சர்க்கார் வேறு. ஒரு குடும்பம் செலவைக் குறைத்தால் தெருவுக்கு ஒன்றும் ஆகாது. தொழில் மந்தமாக இருக்கும் நேரத்தில் சர்க்காரும் சேர்ந்து கையை மூடிக்கொண்டால் தெருவே பட்டினி. இதைக் கம்யூனிஸ்டுகள் மட்டும் சொல்லவில்லை. முதலாளித்துவத்தைக் காப்பாற்ற விரும்பிய பொருளாதார நிபுணர் கெயின்ஸும் அந்த 1931-லேயே மே கமிட்டியின் அறிக்கையைக் கடுமையாகத் தாக்கினார்.

"அப்படியானால் பணத்துக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீண் செலவைக் குறைப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வழி இருந்தது என்பதை அதே பிரிட்டனே காட்டியது. தங்கக் கட்டு அவிழ்ந்த பிறகு பாங்கு வட்டி 6 சதவீதத்திலிருந்து இறங்கி, 1932 ஜூனில் 2 சதவீதம் ஆயிற்று. அந்த ஆண்டே சுமார் 200 கோடி பவுண்டு யுத்தக் கடனுக்கு 5 சதவீத வட்டியை மூன்றரை சதவீதமாகக் குறைத்தார்கள். கடன்காரர் வட்டியில் கை வைத்தால் பிரளயம் வரும் என்றார்களே, வரவில்லை. மலிந்த வட்டியில் வீடு கட்டும் வேலை பெருகியது. பிற்பாடு ஏற்பட்ட மீட்சிக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். செய்ய முடியாது என்று சத்தியம் செய்த காரியங்கள் எல்லாம் செய்ய முடிந்தவைதாம். செய்யும்படி வற்புறுத்த ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பெல்பாஸ்டும் வேல்ஸும்

வற்புறுத்தியவர்கள் யார்? அதையும் பார்ப்போம்.

வட அயர்லாந்தில் பெல்பாஸ்டு நகரம். அங்கே கத்தோலிக்கத் தொழிலாளியும் பிராடஸ்டண்டு தொழிலாளியும் தனித்தனித் தெருக்களில் வாழ்ந்தார்கள். அடிக்கடி ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்தார்கள். முதலாளிகளுக்கு அது வசதியாக இருந்தது. இன்ஷுரன்ஸ் உதவி தீர்ந்தவர்கள் அங்கே ரோடு போட்டு, கல் உடைத்து, சொற்ப நிவாரணம் பெற வேண்டும். 1932 அக்டோபர் 3-ந் தேதி இந்த நிவாரணத் தொழிலாளர்கள் சுமார் 2,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றிரவு பல்லாயிரம் ஜனங்கள் தீவட்டி பிடித்து ஊர்வலம் போனார்கள். வாத்தியக்காரர்களுக்கு ஒரு சங்கடம் வந்ததாகச் சொல்வார்கள்: எந்தப் பாட்டை வாசித்தாலும் அது ஒரு மதத்தாரின் பாட்டாக இருந்தது! கடைசியில் வாழைப்பழத்தைப் பற்றிய ஒரு வேடிக்கைப் பாட்டின் மெட்டை வாசித்துக்கொண்டு போனார்களாம். பசிக்கு எந்த மதம்?

அக்டோபர் 11-ந் தேதி ஊர்வலத்துக்குத் தடை போட்டுப் போலீஸ் தாக்கியது. கத்தோலிக்கத் தெருவில் துப்பாக்கி வெடித்தபோது பிராடஸ்டண்டு தெருவிலிருந்தும் ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். இருவர் உயிரிழந்தார்கள், ஒருவர் இந்த மதம், ஒருவர் அந்த மதம். சில நாட்களுக்குள் நிவாரணத் தொகையை உயர்த்த அதிகாரிகள் சம்மதித்தார்கள். அதுவரை "பணமே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தாம்!

1935 ஜனவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் நாடு முழுவதற்கும் புதிய நிவாரண விகிதங்களை அமுல்படுத்தியது. பல குடும்பங்களுக்குத் தொகை குறைந்தது. பிப்ரவரி 3-ந் தேதி தெற்கு வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் லட்சக்கணக்கான ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். கோவிலுக்குப் போகிறவர்களும், சங்கத்தில் இருக்கிறவர்களும், கைக்குழந்தையோடு தாய்மார்களும் ஒரே வரிசையில் நடந்தார்கள். பிப்ரவரி 5-ந் தேதி சர்க்கார் புதிய விகிதத்தை நிறுத்திவைத்தது. எண்ணிப் பாருங்கள், இடையில் இருந்தது இரண்டே நாள்!

நம் வீட்டுத் தங்கமும் போயிற்று

இது வெள்ளைக்காரன் நாட்டு விவகாரம், நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 1931-ல் நாம் அவர்களுடைய சாம்ராஜ்யத்தில் இருந்தோம். பவுண்டு தங்கத்தைவிட்டு இறங்கிய அந்த வாரமே ரூபாயைப் பவுண்டின் வாலில் கட்டினார்கள். செப்டம்பர் 29-ந் தேதி டில்லி சர்க்கார் ஓர் அவசர பட்ஜெட் போட்டது. வரிகளின் மேல் 25 சதவீதக் கூடுதல் வரி. உப்பு வரியும் அதில் அடக்கம்! ஆயிரக்கணக்கான ரயில்வே தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் ஆட்குறைப்புக்கு ஆளானார்கள்.

தானிய விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. நெல்லை விற்றால் கிஸ்தி கட்ட முடியவில்லை. லேவாதேவிக்காரன் வட்டியோ இறங்கவில்லை. குடியானவர்கள் வீட்டிலிருந்த கம்மலும் வளையலும் காசுமாலையும் விற்றார்கள். ஊர் ஊராகச் சேர்ந்த அந்தத் தங்கம் பம்பாய்த் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பல் கப்பலாக லண்டன் போயிற்று. பவுண்டு நிமிர்ந்து நிற்க அதுவும் முட்டுக்கொடுத்தது.

அதே செப்டம்பர் மாதம் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போயிருந்த காந்தி, லங்காஷயர் ஆலைப் பகுதிக்கும் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் தங்கள் வேலைக்கு ஆபத்து என்று சொல்லப்பட்ட தொழிலாளர்கள், அவரைச் சூழ்ந்து ஆரவாரம் செய்து வரவேற்றார்கள். உதவித் தொகை வெட்டப்பட்ட நெசவுக்காரிக்கும், கம்மலை விற்ற குடியானவன் மனைவிக்கும் பகை இல்லை. இருவரிடமும் பிடுங்கிய கை ஒன்றே.

பழைய மருந்து, புதிய சீட்டு

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு இதே மருந்தைக் கிரீஸ் தேசத்துக்குக் கொடுத்தார்கள். 2008-ல் பாங்குகள் உண்டாக்கிய உலக நெருக்கடிக்குப் பின், 2010 மே மாதம், ஐரோப்பிய யூனியனும் சர்வதேச நிதி ஸ்தாபனமும் 11,000 கோடி யூரோ கடன் தந்தன. விதித்த நிபந்தனை: சம்பளம், பென்ஷன், வைத்தியச் செலவு ஆகியவற்றில் வெட்டு. 2012-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக இறக்கினார்கள். வேலையோடு வைத்திய இன்ஷுரன்ஸையும் இழந்தவர்கள் லட்சக்கணக்கில்.

நாட்டின் உற்பத்தி நான்கில் ஒரு பங்கு அழிந்தது. 2013-ல் நூற்றுக்கு 27 பேருக்கு வேலையில்லை. கடனாவது குறைந்ததா? 2009-ல் நாட்டு வருமானத்தில் சுமார் 127 சதவீதமாக இருந்த கடன், 2014-ல் 175 சதவீதத்தையும் தாண்டியது! வெட்டினால் விளையும் சேதத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று 2013-ல் அந்த நிதி ஸ்தாபனத்தின் நிபுணர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதால் யாருக்கும் போன பென்ஷன் திரும்பவில்லை.

அங்கும் எதிர்த்தவர்கள் உண்டு. நிதி இலாகா கட்டிடங்களைப் பெருக்கித் துடைத்துவந்த 595 பெண்களை 2013 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. சிவப்பு ரப்பர் கையுறையைக் கொடியாக உயர்த்தி, மாதக்கணக்கில் இலாகா வாசலில் உட்கார்ந்தார்கள். 2015-ல் வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அதே 2015 ஜூலையில் நூற்றுக்கு 61 பேர் வெட்டு வேண்டாம் என்று வாக்களித்த பிறகும், அவர்கள் தேர்ந்தெடுத்த சர்க்காரே அடுத்த மாதம் புதிய வெட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டது. ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதாது என்பதற்கு இது பாடம்.

மூன்று கேள்விகள்

ஆகவே தோழர்களே, "கஷ்ட காலம், சிக்கனம் வேண்டும்" என்று யார் வந்து சொன்னாலும் கோபப்பட்டுக் கத்த வேண்டாம். கேட் மீட்டிங்கிலும், களத்து மேட்டிலும், ரேஷன் கடை வரிசையிலும் நிதானமாக மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இந்த நெருக்கடியை உண்டாக்கியது யார்?

இரண்டு: வெட்டுப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை?

மூன்று: காரணம் தீர்ந்ததும் வெட்டும் தீருமா? தேதி என்ன?

1931-ல் லண்டன் மந்திரிகளிடம் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. 2010-ல் ஏதென்ஸுக்கு வந்த கடன்காரர்களிடமும் இல்லை. பதிலை இன்வர்கார்டன் மாலுமிகளும், பெல்பாஸ்டின் கல் உடைக்கும் தொழிலாளர்களும், வேல்ஸ் தாய்மார்களும்தான் வாங்கிக்கொடுத்தார்கள். மதமும் தெருவும் பார்க்காமல் அவர்கள் ஒன்றாக நின்ற நாளில்தான், இல்லை என்று சொல்லப்பட்ட பணம் வெளியே வந்தது.